கணக்கு இடிக்கிறது

நோட்டுப் புத்தகம் என் பொறுப்பு,
புள்ளியியல் படிக்கிறவள் என்பதால்.
பொதுப்பணம் ஒரு பழைய சாக்ஸுக்குள்.
ஒவ்வொரு செலவுக்கும் அவரவர் பங்கை உள்ளே போட வேண்டும்,
நான் எடுத்துக் கொடுப்பேன்.
ஞாயிறு இரவு சாக்ஸில் மிஞ்ச வேண்டியது பூஜ்யம்.

திபிலீசியிலிருந்து மினிபஸ்.
கடைசி வரிசைக்குத் தள்ளுபடி உண்டா என்று
டோர்னிக்கே கேட்டான்.
ஓட்டுநர் வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே சிரித்தார்.
கணவாயின் வளைவுகளில்
லாஷா ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தலையை விட்டுக்கொண்டான்.
அவன் மதியச் சாப்பாடு மிச்சம்.
அதையும் எழுதிவைத்தேன்.

பதூமியில் மழை.
சீசன் முடிந்த பிறகு பெய்யும் நவம்பர் மழை,
ஹோட்டல் கோபுரங்களின் கண்ணாடியில் வழிந்து
எங்கள் கான்வாஸ் ஷூக்களில் வந்து தங்கியது.
அதற்கு வாடகை இல்லை.

'அறை' என்றெழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
நிலையத்தில் நின்றிருந்தாள் சியாலா.
மூன்று கட்டில், அறுபது லரி.
நான் தரையில் படுத்துக்கொள்கிறேன் என்றான் டோர்னிக்கே.
தரையும் என் வீட்டுத் தரைதான், எண்பது என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் கமலா மரங்கள்,
இலை தெரியாமல் காய்த்திருந்தன.

ஷோரெனாவுக்குப் பசிக்கவில்லை.
காலையில் பசிக்கவில்லை, மதியமும்.
ரொட்டிக் கடை வாசல்களில் மட்டும்
நடை கொஞ்சம் தளரும்.
உதவித்தொகை செப்டம்பரிலேயே நின்றுவிட்டது.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது
அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

படகு போல் சுட்ட ரொட்டி ஒன்று வாங்கினோம்.
நடுவில் கொதிக்கும் பாலாடைக்கட்டி,
அதில் ஒரே ஒரு மஞ்சள் கரு.
பட்டியலில் பதினெட்டு.
நான் உரக்கப் படித்தது பன்னிரண்டு.
தலைக்கு மூன்றுதான், போடுங்கள் என்றேன்,
என் பங்கோடு ஆறை மேசைக்கடியில் நுழைத்தேன்.
யாரும் பட்டியலைக் கேட்கவில்லை.
ரொட்டியின் மூக்கைப் பிய்த்து
ஷோரெனா மஞ்சள் கருவை உடைத்தாள்.
அதற்கப்புறம் ஐந்து நிமிடம்
எங்கள் மேசையில் பேச்சே இல்லை.

கடல்?
கடலும் இருந்தது.
மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல்.
ஒவ்வொரு அலையும் திரும்பும்போது
சாக்ஸுக்குள் கைவிட்டுச் சில்லறை தேடுகிற சத்தம்.
அலை ஓயட்டும் என்று மூவர் நின்றோம்.
லாஷா ஜட்டியோடு ஓடிப்போய் விழுந்து
நீலமாக எழுந்து வந்தான்.
ராட்டினத்துக்கு டிக்கெட் எடுக்கவில்லை.
அதன் வெளிச்சம் எங்கள் மேல் சிவப்பாய், பச்சையாய்ச் சுற்றிப் போனது;
வெளிச்சத்துக்குப் பணம் கேட்க
அந்த ஊரில் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு விடிகாலை
ஷோரெனாவின் கட்டில் காலி.
கடலைப் பார்க்கப் போயிருப்பாள் என்றான் டோர்னிக்கே
தரையிலிருந்து, கண் திறக்காமல்.
பத்து மணிக்கு வந்தாள்,
முட்டி வரை சேறு, கையில் கீறல்.
கடல் எப்படி என்றோம்.
நனைந்திருக்கிறது என்றாள்.

திரும்பும் வண்டியில், செல்போன் வெளிச்சத்தில்,
கணக்கு இடித்தது.
இரண்டு முறை கூட்டினேன். மூன்றாம் முறை விரல் விட்டு.
சாக்ஸில் பதினான்கு லரி அதிகம்.
எல்லாம் இரண்டு லரி நாணயங்கள், ஏழு.
மூக்கருகே கொண்டுபோனேன்.
பழைய சாக்ஸ் நாற்றத்தையும் மீறி
கமலாத் தோல் வாசம்.

அவளுக்கும் பட்டியல் படிக்கத் தெரியும்தானே.

ஷோரெனா ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள்.
தூங்குகிறவர்களின் இமை
அவ்வளவு இறுக்கமாக இருக்காது.
'இதர வரவு: 14' என்று எழுதி மூடினேன்.

திபிலீசி, அதிகாலை நாலு மணி.
மெட்ரோ திறக்க இரண்டு மணி நேரம்.
டாக்ஸிக்காரர் பதினைந்து கேட்டார்.
பதினான்குதான் இருக்கிறது என்றேன்.
ஒரு லரிக்காக
நால்வரில் ஒருவரும் பைக்குள் கைவிடவில்லை.
மூடிய கதவின் படிகளில் உட்கார்ந்தோம்,
ஈர ஷூக்களைக் கழற்றி
வரிசையாக வைத்தபடி.